சோலைமந்தியும் சீகாரப் பூங்குருவியும்: வால்பாறையில் ஒப்பாய்வு செய்யப் போகிறவர்களுக்கு

விலங்கியல் முதுகலையில் ஆய்வுத் தலைப்பாக "ஒரு குரங்கினத்தையும் ஒரு பாடும் பறவையினத்தையும் ஒப்பிடுக" என்று கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் எழுதிக்கொண்டு வருவது இதுதான்: ஒன்றுக்கு மயிர், மற்றதற்கு இறகு, ஒன்று குட்டி போடும், மற்றது முட்டையிடும். இதற்கு வால்பாறை வரை பேருந்தில் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டியதில்லை. தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் சோலைகளை இந்த இரண்டும் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று களத்தில் அளந்து ஒப்பிட நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது இந்தக் கட்டுரை.

சோலைமந்தி என்பது சிங்கவால் குரங்கு, மக்காக்கா சைலெனஸ். சீகாரப் பூங்குருவி என்பது மையோஃபோனஸ் ஹார்ஸ்ஃபீல்டி. வால்பாறை மேட்டுநிலத்தில் ஒரே காலையில் இரண்டையும் பார்க்க முடியும் என்பதுதான் இந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இரண்டின் நடத்தையை ஒப்பிடுதல்" என்பது கேள்வி ஆகாது. "பகல் நேரத்தில் எத்தனை பங்கை இரண்டும் உணவு தேடுவதில் செலவிடுகின்றன? சாலைக்கு அருகே அது மாறுகிறதா?" என்பது கேள்வி. இரண்டு விலங்குக்கும் பொருந்துகிற, இரண்டிலும் ஒரே மாதிரி அளக்கக்கூடிய ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேரப் பங்கீடு, தரையிலிருந்து உயரம், சாலையிலிருந்தோ ஓடையிலிருந்தோ தூரம் என மூன்றும் சேர்ந்தால் ஒரு திட்டக் கட்டுரைக்குத் தாராளம்.

குரல், குட்டி வளர்ப்பு, அறிவு என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சோலைமந்தியின் குரல் கூட்டத்தைச் சேர்த்து வைக்க. பூங்குருவியின் பாட்டு எல்லையையும் இணையையும் சார்ந்தது. இரண்டையும் "ஒலி" என்ற ஒரே பத்தியில் போட்டால் எந்த எண்ணுக்கும் பொருள் இருக்காது.

2. போவதற்கு முன் ஆளை அடையாளம் பழகுங்கள்

சோலைமந்திக்கு உடல் முழுக்கக் கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளி கலந்த சாம்பல் பிடரி, குட்டையான வால், நுனியில் சிறு குஞ்சம். அதே சோலையில் நீலகிரிக் கருமந்தியும் இருக்கும். அதுவும் கறுப்புதான். ஆனால் வால் மிக நீளம், தலைமயிர் வெளிறிய பழுப்பு, பிடரி கிடையாது, இலை அதன் முக்கிய உணவு. உள்ளூரில் "கருங்குரங்கு" என்று யாராவது கைகாட்டினால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் அந்தப் பெயரால் சொல்பவர்கள் உண்டு. உணவை அடக்கிக் கன்னம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். சோலைமந்திக்குக் கன்னப்பை உண்டு, கருமந்திக்கு இல்லை. ஆழியாறு அருகே குரங்கருவிப் பக்கம் வண்டியை நிறுத்தினால் மொய்க்கும் பழுப்புக் குரங்குகள் நாட்டுக்குரங்குகள். அவற்றை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

பூங்குருவி சுமார் 25 செ.மீ. நீளம். தூரத்தில் வெறும் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் பட்டால் நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்று நீலம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடு சொல்ல முடியாது, ஆகவே பதிவேட்டில் பால் என்ற பத்தியே வேண்டாம். இளம் பறவைக்கு நெற்றி நீலம் இருக்காது. பாட்டு, வேலையில்லாத பையன் ஒருவன் மெட்டு மறந்து சீட்டியடித்துக்கொண்டு நடப்பது போல இருக்கும்; தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. இதனால்தான் ஆங்கிலேயர் இதைச் "சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன்" என்றார்கள். ஒரு பொறி: துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் போலச் செய்யும். குரலை மட்டும் நம்பிப் பதிவு போட்டால், அந்தப் பதிவில் "குரல் மட்டும்" என்று எழுதி வையுங்கள். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி பெயர் காட்டிவிட்டது என்பதற்காகக் கண்ணால் பார்த்ததாக எழுதக் கூடாது.

3. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

பலரும் சறுக்கும் இடம் இது. சோலைமந்தியை ஆண்டு முழுக்கப் பார்க்கலாம். பூங்குருவியோ கோடை மழையில் தொடங்கித் தென்மேற்குப் பருவமழையில் உச்சத்துக்குப் பாடும், கூடு கட்டும். டிசம்பரில் போய்விட்டு "பூங்குருவி அரிது" என்று எழுதினால் தவறு. அது வாயை மூடிக்கொண்டு ஓடையோரம் அங்கேதான் இருந்திருக்கும்.

மே கடைசி வாரமும் ஜூன் முதல் பத்து நாளும்தான் இரண்டுக்கும் பொதுவான நல்ல காலம். பாட்டு தொடங்கியிருக்கும், மழை இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. ஜூலையில் போனால் மூடுபனியும் மழையும் சேர்ந்து, ஒரு நாளில் உருப்படியாக இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை யானை நடமாட்டம் கூடுதல் என்பதால் அதிகாலை வேலைக்கு ஏற்றதல்ல. முடிந்தால் பிப்ரவரியில் மூன்று நாள் முன்னோட்டமாகப் போய் இடம் பாருங்கள். படிவத்தில் இருக்கும் ஓட்டைகள் அந்த மூன்று நாளிலேயே தெரிந்துவிடும்.

12 நாள் திட்டமிடுங்கள். அதில் இரண்டு நாள் மழைக்குப் போகும் என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

4. அனுமதியும் காகிதங்களும்

வால்பாறையில் மூன்று வகை நிலம் உண்டு. மூன்றுக்கும் நடைமுறை வேறு.

பொதுச் சாலை: பொள்ளாச்சி–வால்பாறை சாலையில் நின்று பார்ப்பதற்கு ஆய்வு அனுமதி தேவையில்லை. புதுத்தோட்டம் பகுதியில் சாலையோரமே சோலைமந்திகளைப் பார்க்கலாம். ஆனால் வால்பாறைக்கு வெளியூர் வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போல இங்கும் 2025 நவம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. கட்டணம் இல்லை, இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். சோதனைச் சாவடியில் கைப்பேசி இணைப்பு சரியாக வராது. பொள்ளாச்சியிலேயே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டம்: பார்க்கத் திறந்து கிடப்பது போல இருந்தாலும் தனியார் நிலம். தோட்ட மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்லூரிக் கடிதம், ஆய்வுச் சுருக்கம் ஒரு பக்கம், வருகிறவர்களின் பெயர், எந்தெந்த நாள், எந்தெந்த நேரம் என்பதோடு போங்கள். நேரத்தைக் குறிப்பிடாமல் போனால் காலை எட்டு மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள், அதற்குள் பாதி வேலை போய்விட்டிருக்கும். மருந்து தெளிக்கும் நாட்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் அன்று நடக்கக் கூடாது.

காப்பகம்: ஆனைமலை புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் ஒரு அடி வைத்தாலும் அனுமதி வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 28-ஆம் பிரிவின்படி ஆய்வுக்காக நுழைய அனுமதி தருபவர் சென்னையிலுள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர். பொள்ளாச்சி அலுவலகத்தில் நேராகப் போய் மனு கொடுத்துக் காத்திருந்தால் கோப்பு நகராது, அது சென்னையிலிருந்து வர வேண்டியது. விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை:

- துறைத் தலைவரின் கடிதமும் வழிகாட்டியின் கையெழுத்தும்
- கல்லூரியில் பயில்வதற்கான போனஃபைட் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படம்
- மூன்று, நான்கு பக்கத்தில் ஆய்வுத் திட்டம்: கேள்வி, முறை, இடம், தேதிகள்
- எந்த வனச்சரகம் என்பதைக் காட்டும் வரைபடம் (வால்பாறையா, மானாம்பள்ளியா என்பதைத் தெளிவாக எழுதுங்கள்)
- விலங்கைப் பிடிக்கவோ, மாதிரி எடுக்கவோ, குரல் ஒலிபரப்பவோ மாட்டோம் என்ற உறுதிமொழி

கடைசி வரியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். சோலைமந்தி அந்தச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதலாம் அட்டவணையில் உள்ள விலங்கு. எச்சம் பொறுக்குவது, மயிர் சேகரிப்பது என்று ஒரு சொல் திட்டத்தில் இருந்தாலும் அது வேறு வகை அனுமதிக்குப் போய்விடும். வெறும் பார்வைப் பதிவு என்றால் அப்படியே எழுதுங்கள்.

குறைந்தது நான்கு மாதம் முன்னதாக அனுப்புங்கள். ஆணை வந்ததும் அதன் நகலோடு காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்திலும் பிறகு வனச்சரகரிடமும் நேரில் தெரிவிக்க வேண்டும். ஆணையின் இரண்டு நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். காவலர் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டாலும் இன்னொன்று கையில் இருக்கும். முதுகலை மாணவருக்கு ஒரு பருவமே இருக்கிறது என்றால் காப்பகத்தை விட்டுவிட்டுச் சாலையும் தோட்டமும் மட்டும் வைத்துத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம்.

5. பணமும் கருவியும்

இரண்டு பேர், 12 நாள் என்று வைத்து ஒதுக்க வேண்டியது: அறைக்கு நாளுக்கு 1,200 வீதம் 14,400, சாப்பாடு ஆளுக்கு 400 வீதம் 9,600, உள்ளூர் துணையாளுக்கு நாளுக்கு 800 வீதம் 9,600, போக்குவரத்து 2,000, அட்டைக்கடியைத் தடுக்கும் கால் உறை இரண்டு ஜோடிக்கு 1,000, எழுதுபொருள், மின்கலம் 1,000, அவசரத்துக்கு 4,000. ஆக 41,600 ரூபாய். துணையாளைக் குறைத்துப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் கூட இருந்தால், முந்தின இரவு யானை எந்தப் பக்கம் இறங்கியது என்பது உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

இருநோக்கி 8x42 போதும். 10x வாங்கினால் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும், சோலை இருட்டுக்கும் அது சரிப்படாது. துறையிலேயே இருக்கும், கடன் வாங்குங்கள். இரவில் சிலிகா ஜெல் பையோடு மூடி வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு துறையில் முகம் கொடுக்க முடியாது. எழுதப் பேனா வேண்டாம், பென்சில். நனைந்த தாளில் மை பரவும். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசியே போதும், ஆனால் பதிவு செயலியில் டபிள்யூஏவி (WAV) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தேதி, நேரம், இடம் மூன்றையும் வாயால் சொல்லி முடியுங்கள்.

அட்டைக்கு உறைதான் சரியான வழி. உப்பு, மூக்குப்பொடி, வேப்பெண்ணெய் எல்லாம் மழையில் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை.

6. சோலைமந்தியைப் பதிவு செய்தல்

பொதுவாக ஒரு கூட்டத்தில் பத்து முதல் இருபது விலங்கு, அதில் பெரும்பாலும் ஒரே வளர்ந்த ஆண். புதுத்தோட்டத்துக் கூட்டங்கள் இதைவிடப் பெரியவை, மனிதருக்குப் பழகியவை. தரையிலும் இறங்கும், கூரையிலும் ஏறும். இந்த இடத்தில் எடுத்த எண்களை "சோலைமந்தியின் இயல்பு" என்று பொதுமைப்படுத்தக் கூடாது. தொடர்ந்த காட்டில் இதே விலங்கு தரைக்கு வருவது மிகக் குறைவு.

15 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு விலங்கும் கண்ணில் பட்ட நொடியில் என்ன செய்தது என்பது மட்டுமே பதிவு. நகர்தல், உணவு தேடல், உண்ணுதல், ஓய்வு, பேன் பார்த்தல் முதலிய உறவுச் செயல்கள், பிற என்று ஆறு வகை போதும். கூடவே உயரம்: தரை, 5 மீட்டர் வரை, 5–10, 10–20, அதற்கு மேல். உயரத்தைக் கண்ணால் கணிக்க, தெரு விளக்குக் கம்பம் ஒன்றை அளந்துவைத்து அதோடு ஒப்பிடப் பழகுங்கள்.

என்ன தின்றது என்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். காட்டில் வெடிப்பலா விதை முக்கியம். தோட்டத்தில் காப்பிப் பழம், கொய்யா, நிழலுக்காக வைத்த ஆப்பிரிக்க மேசோப்சிஸ் மரத்தின் பழம். கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் மெல்லும்போது அதை உண்ணுதல் என்று எழுதுவதா, நகர்தல் என்றா? முதல் நாளே முடிவு செய்து படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். இருவர் பதிவு செய்தால் முதல் இரண்டு நாள் ஒரே கூட்டத்தைத் தனித்தனியே பதிந்து பொருத்திப் பாருங்கள்.

பத்து மீட்டருக்குள் போக வேண்டாம். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் அவற்றுக்கு மிரட்டல். சளி, இருமல் இருக்கும் நாளில் போகாதீர்கள், மனிதரின் நோய் குரங்குக்குத் தொற்றும். பிஸ்கட் பாக்கெட் பைக்கு வெளியே தெரியவே கூடாது. சாலை நடுவே நின்று பார்த்தால் வண்டி ஓட்டுநர்கள் வேடிக்கை பார்க்க நிறுத்துவார்கள், கூட்டம் கடக்க முடியாமல் இரண்டாகப் பிரியும். சாலைக்கு மேலே கட்டிய தொங்குபாலத்தை அவை பயன்படுத்துவதைப் பார்த்தால் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

7. பூங்குருவியைப் பதிவு செய்தல்

இங்கே ஒரு சிக்கல். பாட்டின் உச்சம் விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு. தேயிலைக்குள் சிறுத்தையும் யானையும் காட்டெருமையும் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். அந்த இருட்டில் ஓடைக்கு நடந்து போகவே கூடாது. அதனால் அறை எடுக்கும்போதே ஓடை அருகே உள்ள கட்டடமாகப் பாருங்கள். பூங்குருவி மனிதரைத் தவிர்க்கிற பறவை இல்லை, பாலத்தடியிலும் கட்டடத்தின் சுவர்ப் பொந்திலும்கூடக் கூடு வைக்கும். திண்ணையில் உட்கார்ந்தே விடியற்காலைப் பாட்டைப் பதியலாம். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஓடைக்குப் போகலாம். வால்பாறையில் யானை இருப்பிடம் பற்றிக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடும், கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும் ஏற்பாடும் உண்டு. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் அன்று கிடையாது, வாதாடாதீர்கள்.

பூங்குருவி கூட்டமாக வாழ்வதில்லை. ஆகவே வீச்சுப் பார்வை உதவாது. ஒரு பறவையை 20 நிமிடம் தொடர்ந்து, ஒவ்வொரு நிமிடமும் அந்த நொடியில் செய்வதைப் பதியுங்கள். வகைகள் குரங்குக்கு வைத்த அதே ஆறு. உறவுச் செயலுக்குப் பதில் "பாடுதல்" என்று வைத்து, குளித்தலையும் இறகு கோதுதலையும் ஓய்வோடு சேர்க்காமல் "பிற" என்பதில் போடுங்கள். புழு, பூச்சி, தவளை, சிறு நண்டு, பழம் எதைத் தின்றது என்பதும் எழுத வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் கண்ணுக்குத் தப்பினால் அந்த 20 நிமிடத்தைக் கைவிடுங்கள்.

பெரிய பொறி: நீங்கள் பறவையைக் கண்டுபிடிப்பதே பாட்டைக் கேட்டுத்தான். அதனால் "பாடுதல்" செயற்கையாகக் கூடும். கண்டுபிடித்த பின் இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். "குரலால் கண்டது / கண்ணால் கண்டது" என்று ஒரு பத்தி வைத்து, கணக்கிடும்போது இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஒரே ஓடையில் 200 மீட்டருக்குள் இரண்டு முறை பார்த்தால் அதே பறவைதான் என்று கொள்ளுங்கள்.

குரலை ஒலிபரப்பி அழைக்காதீர்கள். கூடு தெரிந்தால் கிட்டப் போகாதீர்கள், படத்தின் இடக் குறிப்பையும் அணைத்துவிடுங்கள். இடுவது இரண்டு முதல் நான்கு முட்டை, அடைகாப்பது பதினாறு பதினேழு நாள். அந்த நேரத்தில் ஒருமுறை விரட்டினாலும் கெடுதல்தான்.

இரண்டு விலங்கும் சந்திக்கும் தருணத்துக்கென்று படிவத்தில் தனியாக ஒரு வரி விடுங்கள். சோலைமந்தி பறவை முட்டையும் குஞ்சும் தின்னும். கூட்டம் ஓடைப்பக்கம் கடக்கும்போது பூங்குருவி பாட்டை நிறுத்தியதா, எச்சரிக்கைக் குரல் கொடுத்ததா, இடம் மாறியதா? 12 நாளில் நான்கைந்து முறைதான் கிடைக்கும். கட்டுரையில் தேர்வாளர் விரும்பிப் படிக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

8. கணக்கு

குரங்கில் ஒரு நாளைக்கு 300 பதிவு சேரும், பறவையில் 60 சேரும். அப்படியே கூட்டிக் கை-வர்க்கச் (chi-square) சோதனை போட்டால் எல்லாமே "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று வரும். தவறு. ஒரே மரத்தில் ஒன்றாகத் தின்னும் பதினைந்து குரங்கு பதினைந்து தனிச் சான்று ஆகாது.

முதலில் ஒவ்வொரு வீச்சுக்கும் சதவீதம் எடுங்கள். நான்கு குரங்கு தெரிந்து நான்கும் தின்றால் 100. பதினாறு தெரிந்து நான்கு தின்றால் 25. சராசரி 62.5. மொத்தமாகக் கூட்டினால் இருபதில் எட்டு, அதாவது 40. எண் இப்படித் தாவும் என்பதால்தான் எந்த முறை என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நான்குக்கும் குறைவாகத் தெரிந்த வீச்சுகளைத் தள்ளிவிடலாம். பிறகு வீச்சுகளின் சராசரியை நாள் சராசரியாக்குங்கள். பறவைக்கும் 20 நிமிடப் பதிவுகளின் சதவீதத்தை அதேபோல் நாள் சராசரியாக்குங்கள். இப்போது உங்களிடம் பத்து நாள், நாளுக்கு இரண்டு எண். ஒரே நாளில் எடுத்தவை என்பதால் ஜோடிச் சோதனை: வில்காக்சன் குறியீட்டுத் தரவரிசை (Wilcoxon signed-rank). வேறு வேறு நாளில் எடுத்திருந்தால் மான்–விட்னி (Mann–Whitney) சோதனை.

காலை 6:30 முதல் 10:30 வரை பறவை, மாலையில் குரங்கு என்று எடுத்திருந்தால் எந்தச் சோதனையும் காப்பாற்றாது. நாள் விட்டு நாள் மாற்றுங்கள்.

9. எழுதும்போதும் அதன் பிறகும்

வாழ்க்கை வேகத்தை ஒரு பத்தியில் சொல்லுங்கள். சோலைமந்திப் பெண் முதல் குட்டி ஈன ஆறு வயதுக்கு மேல் ஆகும், ஒரு முறைக்கு ஒரே குட்டி, அடுத்தது ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழித்து. சாலையில் ஒரு பெண் அடிபட்டால் கூட்டம் ஈடுகட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்பது இதிலிருந்தே தெரியும். இயற்கையில் மொத்தமே சுமார் 4,000 என்று மதிப்பிடப்படும் விலங்கு அது, அருகிவரும் இனப் பட்டியலில் உள்ளது. பூங்குருவிக்கு அப்படி அச்சமில்லை. ஆனால் இந்தப் பத்தியை உங்கள் அளவீட்டோடு கலக்காதீர்கள், அது நீங்கள் அளந்ததல்ல.

பறவைப் பதிவுகளை இ-பர்டு (eBird) என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் அந்தந்த நாளே ஏற்றிவிடுங்கள், பிறகு ஏற்றலாம் என்றால் நேரம் குழம்பும். காப்பக அனுமதி வாங்கியிருந்தால் ஆணையில் சொன்ன கெடுவுக்குள் நிறைவறிக்கையை அனுப்ப வேண்டும். அனுப்பாதவரின் கல்லூரியிலிருந்து அடுத்த ஆண்டு வரும் விண்ணப்பம் கேள்விக்கு உள்ளாகும். தோட்ட மேலாளருக்கும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று கொடுங்கள். எந்தெந்த இடத்தில், எந்த நேரத்தில் கூட்டம் சாலையைக் கடந்தது என்ற அட்டவணை அதில் இருக்கட்டும், வண்டிகளை மெதுவாக ஓட்டச் சொல்ல அவருக்குப் பயன்படும்.